42 டிகிரி வெயிலில் ஸ்போர்ட்ஸ் கார்: கம்பெனி ரேடியேட்டரா, வெளி மார்க்கெட்டா?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கோடை விடுமுறையில் அந்த வழியாகப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஏதோ ஒரு வளைவில் ஓரமாக ஒதுங்கி, பானெட்டைத் தூக்கி வைத்தபடி ஒரு கார் நிற்கும். அடியில் பச்சையோ சிவப்போ ஒரு திரவம் சொட்டிக்கொண்டிருக்கும். நிற்பது ஓட்டை உடைசல் வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். அகல டயர், தாழ்ந்த சஸ்பென்ஷன், டர்போ இன்ஜின் என்று கண்ணைப் பறிக்கும் செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் காராகவும் இருக்கும்.

அடுத்து ஒரு போன் கால். நாமக்கல் பக்கத்துப் பையன் என்றால் கூப்பிடுவது அப்பாவைத்தான். இந்த ஊரில் அப்பாவோ மாமாவோ பெரியப்பாவோ, குடும்பத்தில் யாராவது ஒருவர் லாரித் தொழிலில் இருந்திருப்பார். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"இன்ஜினை ஆஃப் பண்ணிட்டியா? மூடியைத் தொறந்துடாதே. ஆறட்டும். அப்புறம் தண்ணி ஊத்து."

"இது லாரி இல்லீங்கப்பா. தண்ணி ஊத்தக் கூடாது. கூலன்ட்தான் ஊத்தணும்."

"மலை மேல கூலன்டுக்கு எங்கடா போவ? தண்ணியை ஊத்து!"

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. அதற்குப் பிறகு வருவோம். டோ பண்ணிக் கீழே கொண்டு வந்த மறுநாள், ஒர்க் ஷாப்பில் விஷயம் தெரியும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் விரிசல். கம்பெனி பார்ட் விலையைக் கேட்டால் தலை சுற்றும். இறக்குமதி மாடல் என்றால் வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். மெக்கானிக் தலையைச் சொறிந்தபடி அடுத்த வழியைச் சொல்வார்: "வெளி மார்க்கெட் அயிட்டம் இருக்குங்க. பாதி விலைகூட வராது. போட்டுடலாமுங்களா?"

அந்த "போட்டுடலாமுங்களா"வுக்கு என்ன பதில் சொல்வது? "போடுங்க" என்று சட்டெனச் சொல்லிவிடுவதும் தவறு, "அய்யோ, டூப்ளிகேட்டா!" என்று பயந்து ஓடுவதும் தவறு.

ரேடியேட்டர் தெரிந்த ஊர்

லாரி பாடி கட்டும் பட்டறைகளும் எல்.பி.ஜி. டேங்கர்களும் நாமக்கல்லின் அடையாளம். சங்ககிரியில் திரும்பிய பக்கமெல்லாம் லாரி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போடுகின்றன. இதில் ரிக் வண்டியைக் கவனிக்க வேண்டும். ஓடுகிற வண்டிக்கு முன்னாலிருந்து காற்று அடிக்கும். ரிக்கோ நின்ற இடத்தில் நின்றபடி, கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்காக கம்பிரசரை ஓட்டிக்கொண்டிருக்கும். ஃபேன் தள்ளும் காற்று மட்டுமே அதற்கு மூச்சு. ரேடியேட்டர் சொதப்பினால் அன்றைய கூலியும் போச்சு, இன்ஜினும் போச்சு. அதனால் இந்த வட்டாரத்து ஆட்களுக்கு ரேடியேட்டர் என்பது பானெட்டுக்குள் மறைந்திருக்கும் ஏதோ ஒரு பொருள் இல்லை.

அப்பா காலத்து லாரி ரேடியேட்டர் பித்தளையும் செம்பும். பித்தளைக் குழாய், செம்புத் தகடு, மேலும் கீழும் பித்தளைத் தொட்டி, எல்லாவற்றையும் ஈயப் பற்று சேர்த்துப் பிடித்திருக்கும். அடைத்துக்கொண்டால் பட்டறையில் தொட்டியைச் சூடுகாட்டிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுத் துழாவி, உப்பை எடுத்துவிட்டு, மறுபடி பற்ற வைத்துக் கொடுப்பார்கள். பிறகு வாய்களை அடைத்து, உள்ளே காற்றைச் செலுத்தி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் அந்த இடத்தில் இன்னொரு பற்று. ஒரே ரேடியேட்டர் பத்து, பதினைந்து வருஷம் இப்படியே ஓடும்.

மகன் வைத்திருக்கும் காரில் அந்த வித்தை செல்லாது. நடுவே இருக்கும் கோர் அலுமினியம். இரண்டு பக்கத் தொட்டிகள், கண்ணாடி இழை கலந்த நைலான் பிளாஸ்டிக். நடுவில் ஒரு ரப்பர் கேஸ்கெட்டை வைத்து, அலுமினிய ஓரத்தை மடித்துக் கவ்வ வைத்திருப்பார்கள். எடை குறைவு, விலை குறைவு, வேகமாகச் செய்யலாம். ஆனால் பிளாஸ்டிக்கில் ஈயம் ஒட்டாது. எம்-சீல் அப்பினால் ஒர்க் ஷாப் வரைக்கும் போய்ச் சேரலாம், மலை ஏற முடியாது.

பழைய ஆட்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: மஞ்சள் தூள் போட்டால் லீக் நிற்கும், முட்டை வெள்ளைக்கரு ஊற்றினால் நிற்கும் என்று. நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்! லாரியின் அகலமான குழாய்களுக்கு அது அவசர வைத்தியமாக ஒருவேளை கைகொடுத்திருக்கலாம். மெல்லிய தட்டைக் குழாய்கள் உள்ள இன்றைய காரில் போட்டால், லீக் நிற்கிறதோ இல்லையோ, குழாய் நிச்சயம் அடைக்கும். கடையில் விற்கும் 'ஸ்டாப் லீக்' பாட்டில்களுக்கும் இதே எச்சரிக்கை.

நைலான் தொட்டிக்கு ஆயுள் உண்டு. வருஷக்கணக்கில் சூடு, ஆறல், அழுத்தம், கூலன்ட் என்று அடிபட்டு அது மெல்ல நொறுங்கும் பதத்துக்கு வரும். நல்லவேளையாக முன்கூட்டியே குறிப்புக் காட்டும். 1989-ல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 மியாட்டா என்ற இரண்டு சீட் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், உலகம் முழுக்க ரசிகர்கள் உள்ள வண்டி. அதை வைத்திருப்பவர்கள் பானெட்டைத் திறந்ததும் முதலில் பார்ப்பது ரேடியேட்டர் தொட்டியின் நிறத்தைத்தான். கறுப்பாக இருந்தால் நிம்மதி. பச்சை கலந்த பழுப்புக்கு மாறிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் வீட்டுக் காருக்கும் இந்தப் பரிசோதனை பொருந்தும். இன்று மாலையே பார்க்கலாம், இன்ஜின் ஆறிய பிறகு.

இருபது கீசர் சூடு

பெட்ரோலில் இருக்கும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை ரேடியேட்டர்தான் வெளியே தள்ள வேண்டும். 2013-ல் இந்தியாவுக்கு வந்து இளைஞர்களைக் கிறங்கடித்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ-யை எடுத்துக்கொள்வோம். 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன். அந்த அளவு இன்ஜினை முழு மூச்சில் மிதித்தால் கூலன்ட்டுக்குள் இறங்கும் சூடு, வீட்டுக் குளியலறையில் உள்ள 2 கிலோவாட் கீசர்கள் இருபதை ஒரே நேரத்தில் போட்டதற்குக் குறையாது. அவ்வளவையும் ஒரு கல்யாணச் சாப்பாட்டு இலை அளவு பொருள் காற்றில் கலந்துவிட வேண்டும்.

வேகமான கார் பிறந்ததற்கே ரேடியேட்டர் ஒரு காரணம். 1901-ல் பந்தயங்களைக் கலக்கிய 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்கு வில்ஹெம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை வடிவமைத்தார். 8,070 சின்னஞ்சிறு குழாய்கள் வழியே காற்று பாய்ந்தது. அதனால் குறைந்த தண்ணீரே போதுமானதாக இருந்தது, வண்டியின் எடையும் குறைந்தது. பெரிய இன்ஜினை நம்பி வைக்க வழி பிறந்தது.

இப்போது நம்ம ஊர்க் கணக்கு. ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பது, கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் வெளியே 20 டிகிரி என்றால் வித்தியாசம் 75. சேலத்தில் மே மாத மதியம் 42 டிகிரி என்றால் வித்தியாசம் 53. அதே ரேடியேட்டர், அதே காற்று வேகம், ஆனால் திறனில் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் காலி. ஏசியும் ஓடினால் இன்னும் மோசம். ஏசி கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால், அதைத் தாண்டி வரும் காற்று ஏற்கெனவே சூடேறியிருக்கும். அது 55 டிகிரி என்றால் வித்தியாசம் வெறும் 40. பாதிக்குப் பாதி போய்விட்டது.

(கோடையில் வானிலைச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் 'கரூர் பரமத்தி' வேறு, நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர் வேறு. ஆனால் வெயில் இரண்டு ஊரையும் பிரித்துப் பார்ப்பதில்லை.)

இந்தியாவில் விற்கும் கார்களை நம் வெயிலுக்கேற்பத் தயார் செய்துதான் விற்கிறார்கள். புதிய காரில் கவலை இல்லை. பத்து வயதான காரில், கோருக்குள் உப்பு படிந்து, வெளியே பூச்சியும் தூசியும் அடைத்து, ஃபேனும் சோர்ந்திருக்கும்போது, மேலே சொன்ன 30 சதவிகிதம் உயிர் விஷயமாகிவிடுகிறது.

முதலில் நோய் என்னவென்று பாருங்கள்

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். வண்டி சூடாகிறது என்றாலே ரேடியேட்டரை மாற்றிவிடுகிறார்கள். மாற்றிய பிறகும் சூடாகிறது. பிறகு வெளி மார்க்கெட் பார்ட்டைத் திட்டுகிறார்கள்.

டெம்பரேச்சர் முள் எப்போது ஏறுகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சேலம் ஐந்து ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் சந்தேகப்பட வேண்டியது ஃபேனை. மோட்டார், ரிலே, ஃபியூஸ் என்று பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் ஓட்டம் போதவில்லை என்று பொருள். கோர் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதி திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம். கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வருகிறது, கீழே ஒரு சொட்டுகூட இல்லை, சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை, ஆயில் மூடியில் காபி நுரைபோல ஏதோ ஒட்டியிருக்கிறது என்றால் ரேடியேட்டர் பேச்சையே நிறுத்திவிட வேண்டும். அது ஹெட் கேஸ்கெட். தங்கத்திலேயே ரேடியேட்டர் செய்து போட்டாலும் தீராது.

எல்லோரும் மறக்கும் ஒரு சின்னப் பொருள், மூடி. ரேடியேட்டரிலோ கூலன்ட் டேங்கிலோ இருக்கும் அந்த மூடி, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. வெளியே இருப்பதைவிட ஒரு 'பார்' அழுத்தம் கூடுதலாக இருந்தால், தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போய்விட்டால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே 97-க்கும் கீழேயே கொதித்துவிடும். கொல்லிமலையில் நின்ற சில கார்களுக்குத் தேவைப்பட்டது புது ரேடியேட்டர் இல்லை, சில நூறு ரூபாய் மூடியாகவும் இருக்கலாம்.

அப்பாவின் அந்த முதல் வாக்கியம், "மூடியைத் தொறந்துடாதே", நூற்றுக்கு நூறு சரி. சூடாக இருக்கும்போது திறந்தால் அழுத்தம் விடுபட்டு, கொதிக்கும் திரவம் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். முள் ஏறத் தொடங்குவதை ஓடும்போதே பார்த்துவிட்டால் லாரிக்காரர்களின் இன்னொரு வழி இருக்கிறது. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழு அளவில் வைப்பது. ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே! சேலம் வெயிலில் ஹீட்டரா என்று கேட்கத் தோன்றும். வியர்த்துக் கொட்டினாலும் இன்ஜின் பிழைக்கும்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

சரி, நோய் ரேடியேட்டரில்தான் என்று உறுதியாகிவிட்டது. ஒரு உண்மையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கார் கம்பெனிகளில் பெரும்பாலானவை ரேடியேட்டரைத் தாங்களே செய்வதில்லை. வேலியோ, மாலே, டென்சோ போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள், வதோதராவின் பான்கோ, புனேயின் டாடா டொயோ போன்ற இந்திய நிறுவனங்கள் என்று இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கார் கம்பெனிக்குச் சப்ளை செய்யும் தயாரிப்பாளர், தன் சொந்தப் பெயரிலும் பார்ட்டை வெளியே விற்பதுண்டு. கார் கம்பெனியின் முத்திரை இருக்காது. விலையில் கணிசமான வித்தியாசம் இருக்கும். 'வெளி மார்க்கெட்' என்பதில் முதல் வகை இது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்ல முடியாவிட்டாலும், பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, பெயரே இல்லாத பெட்டியில் வரும் மலிவு சரக்கு. பார்ப்பதற்கு அப்படியே ஒரிஜினல் போலிருக்கும். கையில் தூக்கிப் பாருங்கள். பழையதைவிடக் கணிசமாக எடை குறைந்திருந்தால் எங்கோ அலுமினியத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். குழாய் வரிசைகளை எண்ணிப் பாருங்கள், கோரின் தடிமனை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரிஜினலில் நெருக்கமாக இருக்கும் ஃபின்கள் இதில் அகலமாக விலகி இருந்தால், வெளித்தோற்றம் ஒன்று, வேலை வேறு. பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடைக்காரரால் கதைவிட முடியாது. ஹோஸ் வாயின் அளவு, பொருத்தும் ஊசிகளின் இடம், ஃபேன் கூட்டின் கிளிப், சென்சர் மாட்டும் துளை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் சில மாடல்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதியும் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அதில் உள்ளுக்குள் லீக் வந்தால் கூலன்ட் கியர் பாக்ஸுக்குள் போகும். அப்படிப்பட்ட காருக்குப் பெயர் தெரியாத சரக்கு வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களின் கனவு: பிளாஸ்டிக்கே இல்லாமல், தொட்டியும் அலுமினியத்தில் வெல்டிங் செய்த பளபள ரேடியேட்டர். மிஷிமோட்டோ, கோயோ போன்ற பெயர்களை இளைஞர்கள் மந்திரம்போலச் சொல்வார்கள். கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சுற்றுக்குச் சுற்று முழு மிதியில் போகிறவருக்கு அது நியாயமான செலவு. தினமும் ராசிபுரத்திலிருந்து சேலம் போய் வருகிறவர் யோசிக்க வேண்டும். காரணம் இருக்கிறது. இந்த ரேடியேட்டர்கள் தடிமனானவை. தடிமனான கோருக்குள் காற்றைத் தள்ளக் கூடுதல் பலம் வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தானே நுழையும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். கம்பெனி ஃபேன் மெல்லிய கோருக்காகச் செய்தது, அது திணறும். இன்னொரு தொல்லை, தடித்த ரேடியேட்டருக்கு இடம் போதவில்லை என்று ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். அந்தக் கூடு அலங்காரம் இல்லை. ஃபேன் இழுக்கும் காற்று முழு கோர் வழியாகவும் வர வேண்டும் என்பதற்காக வைத்தது. அது இல்லாவிட்டால் ஃபேனுக்கு நேர் எதிரே உள்ள வட்டம் மட்டும்தான் வேலை செய்யும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெரிய ரேடியேட்டர் போட்டவருக்கு, ஹைவேயில் முள் அசையாமலும் ஏற்காட்டின் 20 வளைவுகளில் முன்பைவிடச் சூடாகவும் இருப்பதன் ரகசியம் இதுதான்.

"அலுமினியம் என்ன அலுமினியம், செம்பில் ஒரு கோர் கட்டிப் போட்டுடலாமே" என்பது அப்பாக்களின் யோசனை. செம்பு சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கெட்டி என்பது உண்மை. ஆனால் ரேடியேட்டரில் சூட்டுக்கு முட்டுக்கட்டை போடுவது உலோகம் இல்லை, காற்று. உலோகத்திலிருந்து காற்றுக்கு மாறும் இடத்தில்தான் தாமதம். மேலும், பழைய கோரில் குழாய் பித்தளை, இணைப்பு ஈயம். இரண்டும் செம்பைவிட மிக மந்தம். செம்பு கோர் தவறில்லை, பழுது பார்க்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் எடை கூடும், காரின் பிளாஸ்டிக் பொருத்துமானம் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் உடைத்த காரின் ஒரிஜினல் ரேடியேட்டர் கிடைக்கும். விலையும் மலிவு. ஆனால் நைலான் தொட்டிக்கு வயதுதான் எதிரி என்று மேலே பார்த்தோம். பத்து வயது ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு பத்து வயது ரேடியேட்டரை மாட்டுவதில் என்ன லாபம்?

வாரன்டி போய்விடுமா?

ஷோரூமில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், "வெளியில் கை வைத்தால் வாரன்டி போய்விடும்." இதைப் பற்றி இந்தியாவில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 2011-ல் ஒரு தனி நபர் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் வெளி ஒர்க் ஷாப்களுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் போயின, அது நீண்ட கதை. ஆனால் மறுபக்கத்தையும் மறக்க வேண்டாம். வெளியில் போட்ட பார்ட்டினாலோ, அதை மாட்டிய விதத்தினாலோ சேதம் வந்தால், அந்தச் சேதத்துக்கு கம்பெனி பொறுப்பேற்காது. வாரன்டி காலத்தில் உள்ள காருக்கு அந்தக் கவலையோடு விளையாட வேண்டாம். வாரன்டி முடிந்த செகண்ட் ஹேண்ட் காருக்கு இது பொருந்தாத பயம்.

இன்ஷூரன்ஸைப் பற்றி ஒரே ஒரு வரி: சாதாரண மோட்டார் பாலிசி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. சூட்டில் ஹெட் வளைந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான். ரேடியேட்டரில் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு அது.

தண்ணீரா, கூலன்ட்டா?

மலையில் ஆரம்பித்த சண்டைக்கு வருவோம். அவசரத்துக்கு, இன்ஜின் ஆறிய பிறகு, தண்ணீர் ஊற்றி ஊர் வந்து சேரலாம். அப்பா சொன்னது சரி. ஆனால் அதையே மாதக்கணக்கில் உள்ளே விட்டால் மகன் சொன்னது சரி.

சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டும் மலைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மண்ணில் மெக்னீசியம் எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை. இங்கே பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கடினம். கீசர் காயிலிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிவதுதான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். காய்ந்த சுண்ணாம்புபோல ஒரு மெல்லிய படலம் போதும், சூடு வெளியே போவது பாதிக்கும். அலுமினியத்துக்குத் துருத் தடுப்பும் வேண்டும். அது தண்ணீரில் இல்லை, கூலன்ட்டில்தான் இருக்கிறது. கூலன்ட் என்றாலே பனிப் பிரதேசத்துக்கானது, நமக்கு எதற்கு என்பவர்களுக்கு இதுவே பதில்.

அடர் கூலன்ட் வாங்கினால் டப்பாவில் சொன்ன விகிதத்தில் பேட்டரி தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், பச்சை, சிவப்பு, நீலம் என்பதற்குப் பொது விதி கிடையாது. கார் கையேட்டில் எந்தத் தரம் குறிப்பிட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. இரண்டு வகையைக் கலந்தால் சில நேரம் கூழாகி அடைக்கும். அதிகம் ஊற்றினால் அதிகம் குளிரும் என்பதும் இல்லை. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் ராஜா. கூலன்ட் விகிதம் ஏற ஏறச் சுமக்கும் திறன் குறையும்.

மாட்டிய பிறகு

பழைய பட்டறைப் பழக்கத்தை இங்கே விட வேண்டாம். புது ரேடியேட்டர் என்றாலும் காரில் ஏற்றும் முன் வாயை அடைத்து, காற்று கொடுத்து, தொட்டியில் ஒருமுறை முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. ஹோஸ்களும் பழையது என்றால் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். தெர்மோஸ்டாட்டையும் மூடியையும் அப்படியே. மறுபடி கூலன்ட்டை இறக்கி ஏற்றுவதற்கு ஆகும் கூலியை நினைத்தால் இது ஒன்றும் பெரிதில்லை.

கூலன்ட் ஊற்றியதும் மூடியைப் போட்டுவிட்டு வண்டியைக் கொடுத்துவிடும் அவசரக்காரர்கள் உண்டு. உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால் புது ரேடியேட்டரோடும் கார் சூடாகும். ஹீட்டரைத் திறந்துவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடேறும் வரை, ஃபேன் தானாக ஓடி நிற்கும் வரை பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். சில கார்களில் காற்று விட தனி ஸ்க்ரூ இருக்கும்.

முதல் நாளே மலை ஏற வேண்டாம். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு நெடுஞ்சாலையில் 80-ல் ஒரு ஓட்டம், ஏசி போட்டபடி. பிறகு ஊருக்குள் நெரிசலில் அரை மணி நேரம். வீட்டுக்கு வந்து நிறுத்தி, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் டேங்கில் கூலன்ட் கோட்டைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் உள்ளே இருந்த காற்று வெளியேறியிருக்கிறது, நிரப்பிக்கொள்ளலாம். இரண்டாம் நாளும் இறங்கினால் வண்டியை நேராக ஒர்க் ஷாப்புக்கு விடுங்கள். ஒரு வாரம் கோடு அசையவில்லை என்றால் அடுத்த ஞாயிறு காரவள்ளி வழியே போகலாம். கிளம்பும்போது டிக்கியைத் திறந்து பார்த்தால் ஐந்து லிட்டர் பேட்டரி தண்ணீர் கேன் ஒன்று இருக்கும். அப்பா வைத்தது.